கிளியோபாட்ராவின் முத்தும், வந்து சேராத மகனும்

எங்கள் தூத்துக்குடியில் முத்து என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் கிளியோபாட்ராவை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். "அவ வினிகர்ல கரைச்சுக் குடிச்சது நம்ம கொற்கை முத்துல்லா!" என்பார். காலை நடையில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறையாவது வருகிறது. சொல்கிறவர் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். அதைக் கெடுக்க வேண்டாமே என்று நானும் தலையாட்டிவிடுவேன். ஆனால் அந்த அரசியைப் பற்றி நமக்குத் தெரிந்தது இந்த ஒரு கதைதானா என்று உள்ளுக்குள் ஓர் உறுத்தல். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் காரைக்கால் பக்கம் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தச் சரித்திரப் புத்தகத்தில் எகிப்துக்கு நிறையப் பக்கங்கள். அங்கே அரசனுக்கு 'ஃபரவோன்' என்று பெயர். வேலை கிடைத்து இந்தக் கடற்கரைக்கு வந்த பிறகுதான், கோயில் பிரசங்கத்தில் கேட்ட 'பார்வோன்' அதே ஆள் என்பது புரிந்தது. இங்கே பார்வோன் என்றால் மோசேயை விரட்டிய கொடியவன், அவ்வளவுதான். எங்கள் வாத்தியாருக்கோ பார்வோன்களைவிட, அவர்களின் எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் மேல்தான் பக்தி. 1822-இல் அந்தப் பிரெஞ்சுக்காரர் எகிப்தியப் பட எழுத்தின் பூட்டைத் திறந்தார். அவருக்குக் கைகொடுத்த முக்கியமான இரண்டு பெயர்கள் தாலமி, கிளியோபாட்ரா. அரசர் பெயரை நீள்வட்டக் கோட்டுக்குள் எழுதுவது எகிப்தியர் வழக்கம். இரண்டு பெயரிலும் பொதுவாக வரும் எழுத்துகளை ஒத்துப் பார்த்துத்தான் அவர் முன்னேறினார். அது நம் கதாநாயகி அல்ல, அவருக்கு முந்தைய, அதே பெயருள்ள இன்னொரு அரசி. அந்த வம்சத்தில் கிளியோபாட்ரா என்ற பெயரில் பலர் இருந்தார்கள். முத்துக் கதைக்கு உரியவர் ஏழாவது கிளியோபாட்ரா.

அவரிடம் போகும் முன் பழைய பார்வோன்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம். கிளியோபாட்ராவுக்கும் பெரிய பிரமிடைக் கட்டிய கூபுவுக்கும் நடுவே ஏறத்தாழ 2,500 ஆண்டு இடைவெளி. நமக்கும் கிளியோபாட்ராவுக்கும் இடையே இருப்பதைவிட அது அதிகம். அந்தப் பழைய அரசர்கள் பொன்னையும், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வந்த நீலக்கல்லையும், செங்கல் மணிகளையும் அணிந்தார்கள். 1922-இல் திறந்த துத்தன்காமன் கல்லறையில் கண்ணைப் பறித்ததும் இவைதான். முத்துக்கு அவர்களிடம் பெரிய மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பொருள் ஒன்று அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் உடலைப் பூஞ்சையிலிருந்து காப்பாற்ற 1976-இல் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது நடந்த ஆய்வில் அவர் மூக்குத் துவாரத்தில் மிளகு இருப்பது தெரிந்தது. மேற்கு மலைத் தொடரின் மிளகு எத்தனை கை மாறி அங்கே போனதோ!

அரசிகளில் ஹத்செப்சுத் பெயரைச் சொல்லியாக வேண்டும். கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 20 ஆண்டு பார்வோனாகவே ஆண்ட பெண். செங்கடல் வழியே புந்த் என்னும் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி, வாசனைப் பிசின் தரும் மரங்களை வேரோடு கொண்டுவரச் செய்து, அதைக் கோயில் சுவரில் செதுக்கியும் வைத்தார். அவர் இறந்து ஆண்டுகள் கழித்து, அடுத்து ஆண்ட மூன்றாம் துத்மோஸ் காலத்தில் அவர் பெயரை ஊர் ஊராகச் சுரண்டி எடுத்தார்கள். 1829-இல் அந்தக் கோயிலுக்குப் போன ஷம்போலியோன் குழம்பிப் போனாராம். சிற்பத்தில் தாடி வைத்த அரசன், எழுத்தில் பெண்பால் விகுதி! ஒரு பெண் ஆண்டாள் என்ற செய்தியை உளியால் அழித்தும் இலக்கணம் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஹத்செப்சுத்தை அழித்தார்கள். கிளியோபாட்ராவுக்கு நேர்ந்தது வேறு. அவரை அழிக்கவில்லை, அவரைத் தோற்கடித்தவர்கள் அவர் கதையை எழுதினார்கள்.

அவர் ரத்தத்தால் எகிப்தியர் அல்ல. அலெக்சாந்தர் கி.மு. 323-இல் இறந்த பின் எகிப்தைக் கையில் எடுத்துக்கொண்ட மாசிடோனியத் தளபதி தாலமியின் வம்சம். அந்த வம்சம் சுமார் 300 ஆண்டு ஆண்டும், மக்கள் பேசிய எகிப்திய மொழியைக் கற்றுக்கொண்ட முதல் ஆள் இவர்தான் என்கிறார் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க். அதோடு அரபியர், எபிரேயர், சிரியர், எத்தியோப்பியர் என்று பல இனத்தாரோடும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசுவாராம். பார்த்தவுடன் மயக்கும் அழகு என்று சொல்ல முடியாது, பேச்சும் பழகும் விதமும்தான் ஆளைக் கட்டிப் போட்டன என்றும் அவரே எழுதியிருக்கிறார். நாணயங்களில் வளைந்த மூக்கோடுதான் இருக்கிறார். அந்த மூக்கைப் பற்றி பாஸ்கல் எழுதியதைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒவ்வொருவனும் மனப்பாடமாகச் சொல்வான். மூக்கைப் பற்றிப் பேசியவர்கள் மொழிகளைப் பற்றிப் பேசவில்லை.

கி.மு. 51-இல் தந்தை இறந்தபோது வயது 18. பத்து வயதுத் தம்பியோடு சேர்ந்து ஆட்சி. கஜானாவில் ரோமாபுரிக் கடன், நைல் நதியில் போதிய வெள்ளம் இல்லை, ஊரில் தானியப் பஞ்சம், அரண்மனையில் சூழ்ச்சி. தம்பியின் ஆட்கள் துரத்திவிட, கி.மு. 48-இல் வந்த ஜூலியஸ் சீசரின் துணையோடு மீண்டும் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். சீசர் கொல்லப்பட்ட பிறகு மார்க் அந்தோணியோடு உறவும் கூட்டணியும். மொத்தம் 21 ஆண்டு ஆட்சி. ரோமாபுரி சுற்றியிருந்த அரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், எகிப்தை அதுவரை தனி அரசாக நிறுத்தி வைத்ததே பெரிய காரியம்.

ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் என்பதால், அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கி.மு. 33-ஆம் ஆண்டு பப்பிரசு ஆணை ஒன்று பெர்லினில் இருக்கிறது. பிணத்தைச் சுற்றும் மம்மி உறைக்குப் பழைய காகிதமாகப் போய், அதனாலேயே தப்பியது. ஒரு ரோமானியப் பிரமுகருக்கு ஆண்டுக்கு 10,000 மூட்டை கோதுமை ஏற்றுமதிக்கும், 5,000 சாடி திராட்சை மது இறக்குமதிக்கும் தீர்வை விலக்கு. எழுத்தர் எழுதிய அந்த ஆணையின் அடியில், வேறு கையெழுத்தில் ஒற்றைக் கிரேக்கச் சொல். 'அப்படியே ஆகட்டும்' என்று பொருள். அது கிளியோபாட்ராவே கைப்பட எழுதியதாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். துறைமுக ஊரில் எத்தனையோ தீர்வைக் கோப்புகளைப் பார்த்த எனக்கு, அந்தச் சொல்லைப் பற்றிப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. சினிமாவில் பாலில் குளிக்கிற பெண் இல்லை இது. மாலை வரை உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போட்ட பெண்.

இனி முத்துக்கு வருவோம். கதையைச் சொன்னவர் ரோமாபுரியின் பிளினி. ஒரே விருந்தில் ஒரு கோடி செஸ்டர்ஸ் செலவழித்துக் காட்டுகிறேன் என்று அரசி அந்தோணியிடம் பந்தயம் கட்டினாராம். அன்றைய ரோமானியப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஆக, 11,000 வீரர்களின் ஒரு வருடச் சம்பளம். விருந்து சாதாரணமாக இருந்தது. அந்தோணி சிரித்தார். உடனே அரசி ஒரு கிண்ணம் காடியை வரவழைத்து, காதில் கிடந்த முத்தில் ஒன்றைக் கழற்றிப் போட்டு, கரைந்ததும் குடித்துவிட்டார். இன்னொன்றையும் போடப் போகும்போது, நடுவராக இருந்த பிளாங்கஸ் கையைப் பிடித்து, அந்தோணி தோற்றார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தப்பிய முத்தை இரண்டாக அறுத்து, ரோமாபுரிக் கோயிலில் வீனஸ் சிலையின் இரு காதுக்கும் போட்டார்களாம்.

நல்ல கதை. ஆனால் பிளினி பிறந்ததே கிளியோபாட்ரா இறந்து 50 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. அந்தோணியின் வாழ்க்கையை விரிவாக எழுதிய புளூட்டார்க் இதைச் சொல்லவே இல்லை. கரையுமா என்றால் கரையும். முத்து என்பதும் ஒரு வகைச் சுண்ணாம்புதான், சிப்பிச் சுண்ணாம்பு நீற்றுகிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முழு முத்து காடியில் கரைய ஒரு நாளாவது ஆகும், விருந்து முடியும் முன் கரையாது. நொறுக்கிப் போட்டிருந்தால் விரைவாகக் கரையலாம். இல்லையேல் முழுசாக விழுங்கியிருக்கலாம். அல்லது எதுவுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். எகிப்து ராணி ஊதாரி, அவளிடம் அந்தோணி மதி மயங்கினான் என்று சொல்வது வென்றவர்களுக்குத் தேவையாக இருந்தது. ஒருவரைப் பற்றி எதிர்த்தரப்பு எழுதிய குறிப்பு மட்டும் கோப்பில் இருந்தால், அதை வைத்து எந்த அதிகாரியும் முடிவெடுக்க மாட்டார். நாம் இரண்டாயிரம் ஆண்டாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அது கொற்கை முத்தா? கிழக்கத்திய அரசர்கள் வழியாக அவருக்கு வந்தவை என்பதற்கு மேல் பிளினி சொல்லவில்லை. பாரசீக வளைகுடாவிலும் முத்து எடுத்தார்கள். ஆகவே நம்முடையதுதான் என்று அடித்துச் சொல்ல வழியில்லை, இல்லை என்று சொல்லவும் வழியில்லை. கொற்கை முத்தின் புகழுக்குச் சங்கப் பாடல்கள் இருக்கின்றன. கி.மு. 300 வாக்கில் வந்த மெகஸ்தனீஸ் சொன்ன கதையில், தெற்கே ஒரு நாட்டை ஆண்ட பண்டாயா என்ற அரசிக்கு அவள் தந்தை கடலில் தேடி எடுத்து அணிவித்தது முத்துதான். முத்தைப் பெண்ணோடும் பாண்டிய நாட்டோடும் சேர்த்துப் பேசும் பழக்கம் கிரேக்கரிடம் அப்போதே இருந்தது.

எகிப்திலிருந்த கிரேக்க வணிகர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு குமரிக்கு அப்பால் உள்ள கொற்கையைச் சொல்கிறது. பாண்டிய அரசுக்கு உட்பட்டது, முத்துக் குளிக்கும் இடம் என்கிறது. கூடவே ஒரு வரிச் செய்தி: அங்கே மூழ்குகிறவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். இந்த வரியை மட்டும் நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

முத்துக் குளித்தலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இந்த ஊரில் இருக்கிறார்கள். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். நான் வந்தபோது அது பழங்கதையாகிவிட்டது. ஆனால் பழைய குளியாட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்க வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடிக்கிற ஆளிடம் உயிர் இருக்கிறது. அதனால் அந்த இடத்துக்கு மச்சான் முறை உள்ளவனைத்தான் வைப்பார்களாம், தங்கை தாலி அறுக்க மனம் வராதே. அடியில் பாரில் கிடக்கும் சிப்பியை ஒரே மூச்சில் அள்ள வேண்டும், மூச்சு ஒரு நிமிடம், கெட்டிக்காரனுக்குச் சற்று அதிகம். காதில் ரத்தம் வரும். சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' கரையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது. சொந்த விருப்பத்தோடு, பங்கு வாங்கிக்கொண்டு மூழ்கியவனுக்கே இந்தப் பாடு என்றால், பெரிப்ளூஸ் சொல்லும் கைதியை நினைத்துப் பாருங்கள். அரசி குடித்தாரோ இல்லையோ, அந்த முத்துக்கு முதல் விலை கொடுத்தவன் அவன்தான்.

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். கிளியோபாட்ராவுக்கும் நம் பக்கத்துக்கும் முத்தைவிட உறுதியான தொடர்பு ஒன்று உண்டு. அதை எந்த வாட்ஸ்அப்பிலும் நான் பார்த்ததில்லை.

கி.மு. 31 செப்டம்பரில் ஆக்டியம் கடற்போரில் அந்தோணியும் கிளியோபாட்ராவும் ஆக்டேவியனிடம் தோற்றார்கள். அந்தோணி ஒடிந்து உட்கார்ந்துவிட்டார். அரசி உட்காரவில்லை. கப்பல்களை மத்தியதரைக் கடலிலிருந்து தரை வழியே இழுத்துச் செங்கடலில் இறக்கச் சொன்னார். சூயஸ் கால்வாய் வருவதற்கு 1,900 ஆண்டு முன்பு! செங்கடலைக் கடந்தால் கிழக்கே வேறு உலகம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பெட்ரா நகரத்து அரபியர் அந்தக் கப்பல்களைக் கொளுத்திவிட்டார்கள்.

தனக்கு வழி அடைபட்டதும் மகனை அனுப்பினார். சீசருக்குப் பிறந்த மகன் சீசரியோன், வயது 17, தாயோடு சேர்ந்து அரசனாக முடிசூட்டப்பட்டவன். அவனை ஏராளமான செல்வத்தோடு, எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு அனுப்பி வைத்தார் என்று புளூட்டார்க் தெளிவாக எழுதியிருக்கிறார். இந்தியாவில் எந்தத் துறை என்று அவர் சொல்லவில்லை. செங்கடலில் பெரெனிகே என்று ஒரு துறைமுகம். இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரில் உண்டாக்கியது. நைல் கரையிலிருந்து பாலைவனத்தில் 12 நாள் ஒட்டகப் பயணம். அங்கிருந்து இந்தியாவுக்குப் பாய் விரிக்கிற மாதம் ஜூலை, நமக்குத் தெரிந்த அதே தென்மேற்குப் பருவக்காற்று. அலெக்சாந்திரியா வீழ்ந்தது ஆகஸ்டு முதல் தேதி. காற்றுப் பருவம் கைகூடிய நேரம்தான்.

ஆனால் பையன் கப்பல் ஏறவில்லை. ஆக்டேவியன் உனக்கு அரசைத் தருவார், திரும்பிப் போகலாம் என்று கூட இருந்த வாத்தியாரே பேசி மனத்தைக் கலைத்துவிட்டார். ஆக்டேவியனுக்கோ, உலகத்தில் இரண்டு சீசர்கள் இருப்பது நல்லதல்ல என்று அருகிலிருந்த தத்துவ ஞானி ஒருவர் ஆலோசனை சொன்னார். கிளியோபாட்ரா ஆகஸ்டு மாதத்திலேயே உயிரை விட்டார், வயது 39. அவர் போன பின் மகனைக் கொன்றார்கள். ஓடும் வழியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான் என்று இன்னோர் ஆசிரியர் சொல்கிறார். எப்படியானாலும் மூவாயிரம் ஆண்டுப் பார்வோன் வரிசை அந்த 17 வயதுப் பையனோடு முடிந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. சில ஆண்டுகளிலேயே செங்கடல் துறை ஒன்றிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கப்பல் வரை இந்தியாவுக்குப் போகின்றன என்று எழுதினார் ஸ்ட்ராபோ. தாலமிகள் காலத்தில் துணிந்து போனவை மிகச் சிலவே என்றும் சொன்னார். அகஸ்டஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே ஆக்டேவியனுக்கு இந்தியாவிலிருந்து ஓர் அரசன் தூதும் பரிசும் அனுப்பினான் என்றும் எழுதியிருக்கிறார். அரசன் பெயர் பாண்டியோன், அல்லது போரஸ் என்று இரண்டாகச் சொல்கிறார். இந்தியத் தூதர்கள் கொண்டுபோன பரிசுகளில் முத்தும் இருந்தது என்று இன்னொரு ரோமானியர் குறித்திருக்கிறார். பாண்டியன் என்றே வைத்துக்கொண்டால், கிழக்கே வர வேண்டிய பையன் வரவில்லை, இங்கிருந்து முத்து அவனைக் கொன்றவனிடம் போய்ச் சேர்ந்தது. பாண்டியனைக் குறை சொல்ல முடியாது. வியாபாரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தானே மாலை போடுவார்கள்.

நம்மிடமும் முத்தால் அறியப்பட்ட ஓர் அரசி உண்டு. பாண்டியன் தேவி கோப்பெருந்தேவி. அவள் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகி சிலம்பில் இருந்தது மாணிக்கம். அந்த வித்தியாசம் தெரிந்த நொடியில் பாண்டியன் உயிர் போனது, அவளும் உடன் போனாள். அவள் எப்படிப்பட்டவள், என்ன பேசினாள் என்று நாம் கேட்டதுண்டா? அங்கே ஒரு முத்து, இங்கே ஒரு முத்து, இரண்டு அரசிகளும் அதற்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

பிறர் எழுதியதை விட்டுவிட்டு அவரவர் எழுதியதைத் தேடினால், நமக்கும் எகிப்துக்கும் நடுவே இன்னொன்றும் கிடைக்கிறது. செங்கடல் ஓரத்துக் குசேர் அல்காதிம் என்ற பழைய துறையில் தோண்டியபோது தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று பெயர்கள். நம் கண்ணன், சாத்தன்தான். பெரெனிகேயில் ஓர் ஓட்டில் கொற்றன் பெயர். அங்கேயே ஓர் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகும் அப்படியே இருந்தது. சீசரியோன் ஏறாமல் விட்ட கடல்வழியில், அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் போய் இறங்கிய நம் ஆட்கள் இவர்கள். அரசர்களும் அல்ல, புலவர்களும் அல்ல. தன் பானை இன்னொருவன் பானையோடு கலந்துவிடக் கூடாதே என்று பெயர் எழுதி வைத்தவர்கள்.

அடுத்த முறை யாராவது கிளியோபாட்ரா முத்தைப் பற்றிப் பேசினால், கதையை மறுக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மூன்று பேரைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆணையின் அடியில் 'ஆகட்டும்' என்று எழுதிய அரசி, இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து சேராத அவள் மகன், எகிப்து வரை போய்த் தன் பெயரைப் பானையில் விட்டு வந்த சாத்தன். நாலாவதாக ஒருவன் இருக்கிறான். கொற்கைக் கடலில் மூழ்கிய கைதி. அவன் பெயரை எந்த ஓட்டிலும் யாரும் எழுதவில்லை.